காற்று வருகிறது, தண்ணீர் வரக் காணோம்!

தோழர்களே! எல்லையோரத்துப் பாலைவனச் சந்தை என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது எது? ஜெய்சல்மேர்! ஒட்டகம்! மணல்மேடு! மணல்மேட்டுக்கு அப்பால் பாகிஸ்தான்! பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் படித்திருக்கிறோம், படக்காட்சியிலும் பார்த்திருக்கிறோம். அவ்வளவு தூரம் போவானேன்? விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் ரயிலிலே ஏறி உட்கார்ந்தால், இராஜபாளையம் தாண்டியதும் அப்படி ஓர் ஊரில் இறங்கலாம். ஒட்டகம் இருக்காது, ஆட்டு மந்தை இருக்கும். மணல்மேடு இருக்காது, சீமைக் கருவேலங்காடு இருக்கும். எல்லை இருக்கும். அந்த எல்லைக்கு அப்பால் இருப்பது நம் அண்டை வீட்டுக் கேரளம். ஊரின் பெயர் சங்கரன்கோவில்.

"என்னய்யா, எங்கள் ஊரைப் பாலைவனம் என்று எழுதுகிறீர்?" என்று சங்கரன்கோவில் தோழர்கள் நம்மோடு சண்டைக்கு வரக்கூடும். வரட்டும். பாலை என்பது வசைச்சொல் அல்லவே! முல்லையும் குறிஞ்சியும் வெயிலிலே வெந்து, தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பிறவியிலேயே பாலை என்று ஒரு நிலம் தமிழனிடம் கிடையாது. நீர் வந்தால் அது முல்லை; நீர் நின்றால் அது பாலை. இந்த விளக்கம் சங்கரன்கோவிலுக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை அந்த ஊர்ப் பூச்சந்தையிலே போய் நின்றால் அறியலாம். முல்லைக்கு உடன்பிறப்பான பிச்சியையும் மல்லியையும் மூட்டை மூட்டையாக விற்கிறது அந்தப் பாலை!

ரயில் சன்னல் வழியே மேற்கே பார்த்துக்கொண்டே வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆரம்பித்த மலை நம்மை விடுவதாயில்லை. நீலமாய், நெடியதாய், தலையிலே மேகத்தைச் சுமந்துகொண்டு கூடவே வருகிறது. கிழக்கே திரும்பினால் வெட்டவெளி. செம்மண், அதற்கப்பால் கரிசல், இடையிடையே பனை. மேற்குச் சன்னலில் மழை; கிழக்குச் சன்னலில் வெயில். ஒரே பெட்டி, ஒரே நேரம்!

காரணம் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தை அள்ளி வருகிறது. மலையிலே மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, சுமையையெல்லாம் அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது. கேரளத்துக்கு ஆண்டிலே ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்றோ வெறுங்கையோடு வருகிறது. சங்கரன்கோவில் சமவெளிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கும் தேறாது. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் பக்கமிருந்து வந்தால்தான் உண்டு. வராத ஆண்டில் வானத்தைப் பார்க்கலாம், வட்டிக்கடையைப் பார்க்கலாம். வேறு பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

ஆனாலும் பாருங்கள், ஊர் சோர்ந்து கிடக்கவில்லை. பொழுது புலரும் வேளையிலே பூச்சந்தைக்குள் நுழைந்தோம். அடடா! வெள்ளை வெளேரென்று மல்லி, இளஞ்சிவப்பு ஓரத்தோடு பிச்சி, மஞ்சளாய்ச் செவ்வந்தி, ஆரஞ்சாய்க் கேந்தி, இரத்தச் சிவப்பிலே கோழிக்கொண்டை, அரளி, சம்பங்கி. சைக்கிளில் பை, மோட்டார் சைக்கிளில் மூட்டை, ஷேர் ஆட்டோவில் பெண்கள், அவர்கள் மடியிலும் மூட்டை. தராசு ஓய்வதில்லை, கணக்கப்பிள்ளையின் பேனாவும் ஓய்வதில்லை. ஒரு கடை முன்னால் மலையாளம் கேட்கிறது. பக்கத்துக் கடையிலே நெல்லைத் தமிழ் பதில் சொல்கிறது. வியாபாரத்துக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை!

ஐம்பதைக் கடந்த ஓர் உழவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம் மூட்டை எடைக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, இன்றைக்கு என்ன விலை சொன்னீர்கள்?" என்று வினவினோம். நம்மை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்தார்.

"நாங்க எங்கய்யா வெல சொல்லுதோம்? அவங்க சொல்லுதாங்க, நாங்க கேட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறோம்."

பொருளாதாரப் பேராசிரியர் பத்துப் பக்கம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? ஏன் அவர் விலை சொல்ல முடியாது? மல்லிக்குக் காத்திருக்கத் தெரியாது, தோழர்களே! நெல்லைக் குதிரிலே போடலாம். பருத்தியைத் தாழ்வாரத்திலே அடுக்கலாம். மிளகாய் வற்றலை மூட்டை கட்டி நல்ல விலை வரும்வரை வைத்திருக்கலாம். மல்லியோ, காலையில் மொட்டு, மாலையில் மலர், மறுநாள் குப்பை. விற்பவன் காத்திருக்க முடியாது, வாங்குபவன் காத்திருக்க முடியும். அங்கேயே பேரம் முடிந்துவிட்டது! சாதாரண நாளிலே கிலோ சில நூறு ரூபாய்க்கு விலை போகும் மல்லி, முகூர்த்த நாளிலே, பொங்கலிலே, ஓணத்திலே ஆயிரங்களைத் தாண்டும். அந்த ஏற்றத்தைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "பூ விவசாயிக்கு யோகம்" என்று பட்டணத்திலே பேசிக்கொள்கிறார்கள். விலை ஏறும் மார்கழி, தை மாதங்களிலே பனியால் செடியில் பூ இருப்பதே அரிது. பூ குவியும் கோடைக் காலத்திலே விலை இருப்பதே அரிது.

அதற்கு மேலே இன்னொரு முடிச்சு. கிணற்றை ஆழப்படுத்த வேண்டுமா, மகளுக்குத் திருமணமா, உரம் வாங்க வேண்டுமா? கமிஷன் கடையிலே முன்பணம் கிடைக்கும். வாங்கினால் பூவை அந்தக் கடைக்குத்தான் கொண்டுவர வேண்டும். கடனும் கழியும், கமிஷனும் கழியும். மிச்சம் கைக்கு வரும். கடைக்காரர்களையெல்லாம் கொடியவர்கள் என்று நாம் கூறவில்லை. வங்கி கதவைச் சாத்தும் நேரத்திலே கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தாம். கேரளத்து வியாபாரி பாக்கி வைத்தால் தாங்குபவர்களும் அவர்கள்தாம். ஆனால் அந்தக் கதவுக்குள் நுழைந்த உழவர் வெளியே வரும் வழிதான் தெரியவில்லை. "தேர்தலுக்குத் தேர்தல் இங்க சென்ட் பேக்டரி வருதுன்னு சொல்லுவாங்க. பூ வாடிப்போவுது, பேச்சு மட்டும் வாடல," என்றார் அதே பெரியவர். நம் கட்சிக்காரர்களும் சேர்த்துத்தான் கேட்டுக்கொள்ள வேண்டிய பேச்சு இது.

பூவைப் பறிப்பவர் யார்? இன்னும் ஒரு படி கீழே இறங்குவோம். சந்தைக்கு வெளியே தேநீர்க் கடையோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மையாரிடம் பேசினோம். விடிய இரண்டு மூன்று மணி இருக்கும்போதே நெற்றியிலே பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள். எடைக்குத்தான் கூலி. மொட்டு இலேசானது, ஒரு கிலோ சேர்வதற்கு எத்தனை ஆயிரம் முறை விரல் மடங்கி நிமிர வேண்டும்! செடியின் தூரிலே பாம்பு கிடக்கும். "கடிச்சா என்னம்மா செய்வீங்க? கோவில் புற்றுமண் இருக்கிறதே?" என்று வேண்டுமென்றே கேட்டோம். "புத்துமண்ணு நெத்திக்குய்யா. கடிச்சா ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்," என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். பகுத்தறிவுக் கூட்டத்துக்கு மேடை தேடி அலைகிறோம் நாம். அது தேநீர்க் கடை வாசலிலே உட்கார்ந்து கொண்டிருக்கிறது!

கோவில் என்றோமே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊருக்குப் பெயர் தந்த கோவில் அது. உள்ளே இருக்கும் சிலையிலே வலப்பக்கம் சங்கரன், இடப்பக்கம் நாராயணன். ஒரே உடல், பாதிப் பாதி. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்களாம். உன் சாமி பெரிதா, என் சாமி பெரிதா என்று சண்டையாம். அம்மன் தவமிருந்தாளாம், இருவரும் ஒருவரே என்று காட்டினார்களாம். ஆண்டுதோறும் ஆடித்தபசுக்கு இதைக் காண இலட்சக்கணக்கிலே மக்கள் கூடுகிறார்கள். கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். நமக்கு வேறொன்று தோன்றியது. கல்லிலே இரண்டு கடவுளரை ஒட்ட வைத்துவிட்டார்கள், பழைய சிற்பிகள். அந்த மலையை இரண்டு அரசுகள் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டு எழுபது ஆண்டு ஆகப் போகிறது. அவற்றை ஒட்ட வைக்க ஓர் உளியும் கிடைக்கவில்லையே!

எல்லையைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று மேற்கே பஸ் ஏறினோம். முதலில் புளியங்குடி, எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அதுவும் கேரளத்துக்கு ஏறும் சரக்குதான். பிறகு கடையநல்லூர், தென்காசி. போகப் போக நிலம் நிறம் மாறுகிறது. வெளிறிக் கிடந்த மண் பச்சையாகிறது, வாய்க்கால் தலைகாட்டுகிறது, வயல் வருகிறது, செங்கோட்டையிலே சாரலே முகத்தில் அடிக்கிறது. நாம் பயணம் செய்ததோ ஐம்பது, அறுபது கிலோமீட்டர்! இந்தப் பக்கம் கிணற்றிலே கயிறு எட்டவில்லை. அந்தப் பக்கம் குடை மடங்கவில்லை.

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் மேலே மலை கொஞ்சம் தாழ்ந்து இடம் விடுகிறது. ஆரியங்காவுக் கணவாய். பழங்காலத்துப் பொதிமாடுகள் போன வழி அது. 1904இலே வெள்ளைக்காரன் குகை குடைந்து, பதிமூன்று கண் பாலம் கட்டி, கொல்லத்துக்கு ரயில் விட்ட வழியும் அதுவே. அகலப் பாதையாக்குவதற்காக 2010இல் மூடினார்கள். முழுதும் திறக்க 2018 ஆயிற்று. வெள்ளையன் குடைந்ததை அகலப்படுத்த நமக்கு எட்டு ஆண்டு!

அந்தக் கணவாய் வழியாகத்தான் காற்று நுழைகிறது. நுழைந்து, சமவெளியெங்கும் சூறையாடுகிறது. ஆடிமாதம் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வேட்டி நில்லாது, வார்த்தை நில்லாது. அந்தக் காற்றுக்காகவே சுரண்டை முதல் கயத்தாறு வரை காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அரபிக்கடல் காற்று எந்த அனுமதிச் சீட்டும் வாங்காமல் எல்லையைக் கடந்து வந்து நமக்கு மின்சாரம் அரைத்துக் கொடுக்கிறது. காற்றுக்கு வழக்கு இல்லை, வாய்தா இல்லை, வல்லுநர் குழு இல்லை.

புளியரையிலே, சோதனைச் சாவடிக்குப் பக்கத்திலே, ஒரு மணி நேரம் நின்றோம். எல்லையைக் கடப்பவை எவை என்று விரல்விட்டு எண்ணினோம். மேற்கே போனவை: காய்கறி லாரி, பூ ஏற்றிய வேன், வைக்கோல் பாரம், கோழி, முட்டை, பிறகு கல், கல், கல்! ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிய பெரிய பெரிய லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக, சாலையை அமுக்கிக்கொண்டு போகின்றன. நம் குன்று அங்கே கட்டடமாகிறது; துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவராகிறது. கிழக்கே வந்தவை: இரப்பர், மரத்தடி, காலி லாரி. காலி லாரி என்று நினைத்தது எல்லாம் காலியும் அல்ல! 2024 டிசம்பரிலே கேரளத்து மருத்துவமனைக் கழிவை நெல்லைச் சீமையின் ஊர்களிலே கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு, அந்த அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போயிற்று.

பூ போகிறது, கல் போகிறது, காற்று வருகிறது, கழிவு வருகிறது. தண்ணீர்? அது மட்டும் வரக் காணோம்!

ஒருவர் கேட்கலாம்: "அது அவர்கள் தண்ணீர், உமக்கேன் கொடுக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. விடை சொல்லக் கொஞ்சம் வரலாறு பேச வேண்டும். இன்றைக்கு நாம் நின்ற செங்கோட்டையே ஒரு காலத்தில் திருவிதாங்கூரிலே இருந்தது. மொழிவழி மாநிலம் வேண்டும் என்று தெற்கெல்லைத் தமிழர் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டைத் தாலுகாக்கள் நமக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. மக்கள் பேசும் மொழியைப் பார்த்துக் கோடு கிழித்தார்கள், சரி. ஆறு எந்த மொழி பேசுகிறது என்று யார் பார்த்தார்கள்?

சங்கரன்கோவிலுக்கு மேற்கே தெரிகிறதே சிவகிரி மலைத்தொடர், அங்கேதான் பெரியாறு பிறக்கிறது. நம் கண்ணுக்கு எட்டும் சிகரத்திலே பிறந்து, வடக்கே திரும்பி, மேற்கே ஓடி, 244 கிலோமீட்டர் கேரளத்திலே நடந்து அரபிக்கடலிலே விழுகிறது. வழியிலே 1895இல் பென்னிகுவிக் ஓர் அணையைக் கட்டிக் கொஞ்சம் நீரைக் கிழக்கே திருப்பியதால், தேனி வாழ்கிறது, மதுரை வாழ்கிறது. பிறந்த வீட்டு வாசலிலே இருக்கும் சிவகிரிக்கும் சங்கரன்கோவிலுக்கும் அந்தப் பெரியாற்றிலே ஒரு சொட்டு இல்லை. குடிக்கும் நீருக்கே தாமிரபரணியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

சிவகிரிக்கும் ஒரு வழி இருந்தது. செண்பகவல்லி அணை! 18ஆம் நூற்றாண்டிலே திருவிதாங்கூர் மன்னரின் இசைவோடு சிவகிரி ஜமீன் காலத்திலே மலைமேல் கட்டப்பட்ட சிறிய தடுப்பணை அது. மேற்கே போகும் நீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பி, சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கண்மாய்களுக்கு அனுப்பியது. மன்னர்களுக்குள் ஒப்பந்தம் போட முடிந்தது! 1960களின் வெள்ளத்திலே அணைச்சுவர் உடைந்தது. இடம் இன்றைக்குக் கேரளத்து வனத்துக்குள். கல் எடுத்து வைக்கவும் அவர்கள் அனுமதி வேண்டும். பழுது பார்க்கும் செலவிலே தம் பங்கைத் தமிழக அரசு செலுத்தியது. வேலை நடக்கவில்லை. பணம் திரும்பி வந்தது. உடைப்பு அப்படியே கிடக்கிறது. சிவகிரியிலே இதைப் பற்றிக் கேளுங்கள். பத்து வயதுப் பையன்கூட உடைப்பின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டுவான். அணையைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அதைப் பற்றிய பேச்சு மட்டும் தலைமுறை தாண்டி வருகிறது.

அதைவிடப் பெரிய ஏட்டுச் சுரைக்காய் ஒன்று உண்டு. பம்பை, அச்சன்கோவில், வைப்பாறு இணைப்பு. தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995இலேயே சாத்தியக்கூற்று அறிக்கை தயாரித்தது. பம்பையிலும் அச்சன்கோவிலாற்றிலும் மிகும் நீரில் 634 மில்லியன் கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 டி.எம்.சி., மலையைக் குடைந்து வைப்பாற்றுப் படுகைக்குத் திருப்புவது. பழைய நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களிலே 91,400 ஹெக்டேர் நிலத்துக்குப் பாய்ச்சுவது. ஏக்கர் கணக்கிலே சொன்னால் இரண்டே கால் லட்சம்! அறிக்கைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அது பிறந்த ஆண்டிலே பிறந்த சங்கரன்கோவில் இளைஞன், தண்ணீர் வரவில்லை என்று திருப்பூர் போய்விட்டான்.

கேரளம் மறுக்கிறது. அவர்கள் சொல்வதையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்; எதிராளியின் வாதத்தை அறியாதவன் மேடை ஏறக்கூடாது. மிகுநீர் என்று ஒன்று எங்களிடம் இல்லை, கோடையிலே எங்கள் ஆறும் வற்றுகிறது என்கிறார்கள். பம்பையின் நன்னீர் குறைந்தால் வேம்பநாட்டு ஏரி வழியாகக் கடல் உப்பு ஏறி, குட்டநாட்டு நெல்வயல் கெட்டுவிடும் என்கிறார்கள். குட்டநாட்டிலே இருப்பவனும் உழவன்தான். அவன் அச்சத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் 2018 ஆகஸ்டிலே என்ன நடந்தது? அதே பம்பையும் அதே அச்சன்கோவிலாறும் பொங்கிச் செங்கன்னூரை மூழ்கடித்தன. வீட்டு மாடியிலே நின்று மக்கள் கைநீட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து லாரி லாரியாக அரிசியும் துணியும் அதே புளியரை வழியாகப் போயின. ஆகஸ்ட்! நம் கரிசல் குளங்கள் வெடித்துக் கிடக்கும் மாதம். கோடையின் ஒரு சொட்டையும் தொட மாட்டோம், வெள்ளத்தின் ஒரு பங்கை மட்டும் திருப்புவோம் என்று அளவு வகுத்து, அளவுகோலை இருவர் கையிலும் கொடுத்து, ஓர் ஒப்பந்தம் எழுத முடியாதா? மன்னர் காலத்திலே முடிந்தது மக்களாட்சியிலே ஏன் முடியவில்லை?

மலையாளத் தோழர் நமக்குப் பகைவர் அல்லர் என்பதைச் சந்தையிலேயே கண்டோம். ஓணத்துக்கு அத்தம் முதல் பத்து நாள் அவர்கள் வாசலிலே பூக்களம் இட்டால்தான் இங்கே அடுப்பு எரிகிறது. 2020 மார்ச்சிலே ஊரடங்கு வந்து எல்லை மூடியபோது என்ன ஆயிற்று? பறிக்க ஆளில்லை, பறித்தால் வாங்க ஆளில்லை; பூ செடியிலேயே கருகிற்று. இப்போது கேரளத்திலும் குடும்பஸ்ரீப் பெண்கள் ஓணத்துக்கென்று கேந்தி பயிரிடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் மண்ணிலே அவர்கள் பூ. அதைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் அந்தத் தோட்டங்கள் பெருகப் பெருக, ஒரே வாசலை நம்பி நிற்கும் சங்கரன்கோவில் உழவர் யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நீர் இருந்தால் வேறு பயிருக்கு மாறலாம். நீர் இல்லாதவன் மாறுவது எதற்கு? ஊரை விட்டு மாறுவதற்குத்தான்.

இனி நம் பக்கத்துக் கதை. எல்லாவற்றுக்கும் மலைக்கு அப்பால் விரல் நீட்டிவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. திரும்பும் வழியிலே, சங்கரன்கோவிலுக்குச் சற்று முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு குளத்தங்கரையிலே நடந்தோம். குளம் என்று கரையை வைத்துத்தான் தெரிந்தது. உள்ளே ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேல். மதகு இருந்த இடத்திலே ஆலவேர். வரத்துக்கால்வாய் எங்கே என்று கேட்டோம்; கூட வந்த தோழர் ஒரு காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். சுவருக்கு அடியிலே இருக்கிறதாம்! ஐப்பசியிலே அடித்துக்கொண்டு பெய்தால், அந்த நீர் குளத்துக்கு வர வழியில்லாமல் சாலையிலே ஓடி, வீட்டுக்குள்ளே நுழைந்து, நாலு நாள் செய்தியாகி, பிறகு காணாமற்போகிறது. இந்தக் கால்வாயைக் கேரளமா அடைத்தது? இந்தக் கருவேலை அவர்களா நட்டார்கள்? நாளைக்கே பம்பை நீர் மலையைத் துளைத்து வந்து வாசலிலே நின்று, "எங்கே பாயட்டும்?" என்று கேட்டால், எதைக் காட்டுவோம்? காம்பவுண்டுச் சுவரையா?

ஊருக்குள் வந்தோம். இரவு. பேர்போன பிரியாணிக் கடையிலே கூட்டம் குறையவில்லை. நாமும் குறை வைக்கவில்லை. தெருவுக்குள் திரும்பினால் தறிச் சத்தம். சங்கரன்கோவிலின் மற்றொரு பாதி அதுதான்: கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி, அதிலே சேலையும் துண்டும், அதற்குப் பின்னால் கூலி உயர்வுக்காக மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர். தறி ஓட்டும் இளைஞர் ஒருவரிடம் நீங்கள் நெசவுக் குடும்பமா என்று கேட்டோம். "இல்லண்ணே, எங்க அப்பா சம்சாரி. கெணறு வத்திப்போச்சு, நான் தறிக்கு வந்துட்டேன்," என்றார். அவர் கூலிக்கும் செண்பகவல்லி உடைப்புக்கும் என்ன தொடர்பு என்று நாம் விளக்க வேண்டியதில்லை. ஊரிலே நீர் வற்ற வற்ற, தறிக் கொட்டகை வாசலிலே நிற்கும் ஆள் கூடுகிறது. ஆள் கூடக் கூட, கூலி பேசும் முதலாளிக்குத் தெம்பு கூடுகிறது.

அன்றிரவு தோழர்களோடு உட்கார்ந்து பேசியதிலே ஒரு முடிவுக்கு வந்தோம். செண்பகவல்லிக்கும் பம்பைக்கும் கோட்டையிலே பேசட்டும். பேச வைப்பதற்கு நம் சட்டமன்ற உறுப்பினர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் விடாமல் நச்சரிப்போம். அதுவரை கைகட்டி இருக்க வேண்டாம். நவம்பர் 1 உள்ளாட்சி நாள்; ஊர்தோறும் கிராமசபை கூடும் நாள். 1956இலே எல்லை வகுக்கப்பட்ட அதே தேதி! அன்றைக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் நம் தோழர்கள் எழுந்து, "குளங்களைத் தூர்வாருக" என்று மொட்டைத் தீர்மானம் போடாமல், எந்தக் குளம், அதன் சர்வே எண் என்ன, வரத்துக்கால்வாய் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மதகு உடைந்திருக்கிறது என்று எழுதித் தீர்மானப் புத்தகத்திலே ஏற்ற வேண்டும். கிராமக் கணக்கு வரைபடத்தைத் தாலுகா அலுவலகத்திலே விண்ணப்பித்து நகல் வாங்கலாம். நாம் நடந்த குளத்தின் நகலுக்கு, மறுநாள் காலையிலேயே அந்தத் தோழர் மனு எழுதிவிட்டார்.